குருவி எவ்வளவு எரிக்கிறது?
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் ஒரு காட்டுக் குருவி சும்மா இருக்கும்போது எவ்வளவு ஆற்றல் செலவாகிறது என்பதை எப்படி அளக்கிறார்கள்?

பதில்: அது இழுக்கும் ஆக்சிஜனை வைத்துத்தான். மாலையில் பிடித்து எடை பார்ப்பார்கள். இரை செரித்து முடிய 3 மணி நேரமாவது விட்டு, இரவில் இருட்டான பெட்டிக்குள் வைப்பார்கள். பெட்டியின் வெப்பம் சுமார் 30 டிகிரி செல்சியஸ் இருக்கும். அதில் பறவை குளிருக்கு நடுங்கவும் வேண்டாம், வெக்கைக்கு மூச்சிரைக்கவும் வேண்டாம். பெட்டி வழியே நிமிடத்துக்கு 400 மில்லி லிட்டர் காற்று ஓடுகிறது என்று வையுங்கள். உள்ளே போகும் உலர்ந்த காற்றில் ஆக்சிஜன் 20.95 சதவீதம். 18 கிராம் பறவை நிமிடத்துக்கு 1 மில்லி லிட்டர் எடுத்துக்கொண்டால், வெளியே வரும் காற்றில் 20.70 இருக்கும். அந்த 0.25 தான் ஆய்வாளர் கையில் கிடைக்கும் மொத்தச் சரக்கு. 1 மில்லி லிட்டர் ஆக்சிஜனுக்குச் சுமார் 20 ஜூல் என்று பெருக்கினால் 0.33 வாட் வரும்.

இவ்வளவு சின்ன வித்தியாசம் என்பதால் கெடுவதும் சுலபம். 25 டிகிரியில் 50 சதவீத ஈரப்பதமுள்ள காற்றில் நீராவி மட்டுமே ஏறக்குறைய 1.6 சதவீதம். உலர்த்தாமல் ஆக்சிஜனை அளக்கும் கருவிக்குள் விட்டால், பறவையே இல்லாத காலிப் பெட்டியிலும் ஆக்சிஜன் 20.6 என்று காட்டும். பறவை உண்டாக்கும் சரிவைவிட இது பெரிது! அதனால் நீரற்ற கால்சியம் சல்ஃபேட் போன்ற உலர்த்தியைக் கருவிக்கு முன்னால் வைக்கிறார்கள். காற்றோட்டத்தை 2,000-க்கு ஏற்றினால் சரிவு 0.05 ஆகச் சுருங்கி, கருவியின் சொந்தத் தள்ளாட்டத்தில் கரைந்துவிடும். 50-க்கு இறக்கினாலோ பெட்டியில் கரியமில வாயு தேங்கும். கருவி காட்டும் எண் மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும் என்பதால், இடையிடையே வெறும் காற்றை விட்டு 20.95 காட்டுகிறதா என்று பார்த்தே ஆகவேண்டும். பறவை ஒரு தடவை சிறகை உதறினாலும் கோடு எகிறும். ஆகவே இரவு முழுக்க ஓடிய பதிவில், மிகக் குறைவாக இருந்த 10 நிமிடச் சராசரியைத்தான் எடுப்பார்கள்.

கேள்வி: கிடைத்த எண்ணை எடையால் வகுத்துவிட்டால் இரண்டு பறவைகளை ஒப்பிடலாம்தானே?

பதில்: கூடாது. எடை இரட்டித்தால் செலவு இரட்டிப்பதில்லை. பல இனங்களைச் சேர்த்துப் பார்த்தால் ஏறக்குறைய 1.6 மடங்குதான் ஆகிறது. வகுத்தால் சின்னப் பறவை எல்லாம் ‘வேகமாக எரிக்கிறது’ என்று பொய்க்கணக்கு வரும். எடையையும் செலவையும் மடக்கையாக்கி (லாகரிதம்), கோடு வரைந்து, கோட்டிலிருந்து ஒவ்வொரு பறவையும் எவ்வளவு விலகுகிறது என்று பார்ப்பதே முறை.

கேள்வி: சும்மா இருக்கும்போது ஆற்றலை எரிக்கும் இந்த வேகம் தாய் தகப்பனிடமிருந்து வருகிறதா?

பதில்: ஓரளவு வருகிறது. சுவீடனில் காட்டு நீலப் பட்டாணிக்குருவிகளில் செய்து 2009-ல் வெளியான ஆய்வில் மரபின் பங்கு 0.6-ஐ ஒட்டி இருந்தது. அதாவது, பறவைக்குப் பறவை தெரியும் வேறுபாட்டில் ஐந்தில் மூன்று பங்கு மரபால் வந்தது. கூண்டில் வளர்ந்த ஜீப்ரா ஃபிஞ்சுகளிலோ சுமார் 0.25 தான், அதிலும் எடையின் பங்கைக் கழித்ததும் மிச்சம் கொஞ்சமே. பெற்றோரிடமிருந்து வந்ததில் பெரும்பகுதி உடலின் பருமன் என்று பொருள்.

குஞ்சு பெற்றோரைப் போல இருப்பதற்கு அது வளர்ந்த கூடும் காரணமாகலாம். ஒரே இரை, ஒரே உண்ணி, ஒரே குளிர். அதைப் பிரிக்க, ஒரே நாளில் பொரித்த இரண்டு கூடுகளில் பாதிக் குஞ்சுகளை இடம் மாற்றி வைக்கிறார்கள். இதில் பலர் சறுக்கும் இடம் தகப்பன். பட்டாணிக்குருவிக் கூடுகளில் சில குஞ்சுகள் அடுத்த வீட்டு ஆணுடையவை. டிஎன்ஏ பார்க்காமல் கூட்டுக்கு இரை கொண்டுவரும் ஆணையே தகப்பன் என்று எழுதிக்கொண்டால், மரபின் பங்கு உண்மையைவிடக் குறைவாகத் தெரியும்.

கேள்வி: அப்படியானால் அந்த மரபணு எது?

பதில்: ‘அந்த’ என்று ஒன்றைச் சுட்ட முடியாது; சிறு சிறு பங்களிப்புள்ள பல மரபணுக்கள் சேர்ந்த வேலை இது. ஆனால் இனத்துக்கு இனம் ஒப்பிட்டால் சில தடயங்கள் தெளிவாகத் தெரிகின்றன. இமயத்தைத் தாண்டும் வரித்தலை வாத்தில், செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் ஆக்சிஜனைக் கடைசியாகக் கையாளும் நொதியின் ஒரு துணைப்பகுதியில் 116-ஆவது அமினோ அமிலம் டிரிப்டோபனிலிருந்து ஆர்ஜினைனாக மாறியிருக்கிறது. ஓசனிச்சிட்டுகளோ (ஹம்மிங்பேர்ட்) தசையில் குளுக்கோஸைத் திரும்பச் செய்ய உதவும் எஃப்பிபி2 மரபணுவையே தொலைத்துவிட்டன. அந்தரத்தில் நின்று பறக்கும் தசைக்குச் சர்க்கரையைச் சேர்ப்பதைவிட உடனே எரிப்பதுதான் தேவை. இங்கே இழப்பும் ஒரு லாபம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. மைட்டோகாண்ட்ரியாவின் சொந்த டிஎன்ஏ தாயிடமிருந்து மட்டும் வருகிறது. அதில் உள்ளவை 13 புரதங்களின் குறிப்புகளே. அவற்றோடு பொருந்தவேண்டிய மற்றப் புரதங்கள் உட்கருவிலிருந்து வருகின்றன, அதில் பாதி தகப்பன் வழி. தூரத்து உறவுள்ள இரு பறவைக் கிளைகள் கலந்தால் இவை சரியாகக் கவ்விக்கொள்ளாமல் போகலாம்.

கேள்வி: குளிர்காலத்தில் பறவையின் வேகம் கூடினால் அதுவும் பரிணாமமா?

பதில்: இல்லை. அதே பறவை உறுப்புகளையும் தசையையும் பெருக்கிக்கொள்கிறது, கோடையில் இறக்கிவிடும். பரிணாமம் என்று சொல்ல, வேறு வேறு நிலத்துப் பறவைகளை ஒரே சூழலில் வளர்த்தும் வேறுபாடு நிற்கவேண்டும். கென்யா, அயர்லாந்து, ஆஸ்திரியா, கஜகஸ்தான் ஆகிய நாடுகளின் புதர்ச்சிட்டுகளை ஒரே இடத்தில் ஒரே உணவில் வளர்த்துப் பார்த்தார்கள். அப்போதும் கென்யச் சிட்டுகளின் வேகமே குறைவாக இருந்தது.