சுயேச்சைக்கு என்ன சின்னம்?

கேள்வி: பெரிய நாளிதழ்களிலும் டிவி சேனல்களிலும் இருந்து வெளியே வந்த முன்னாள் பத்திரிகையாளர்கள் சொந்தமாகச் செய்தி விமர்சன இணையதளங்களும் யூடியூப் சேனல்களும் நடத்துகிறார்கள். யாருக்கும் கட்டுப்படாத இந்தச் சுயேச்சை ஊடகங்களையாவது நம்பலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: பெயரைச் சொல்லாததால் நீங்கள் ஐயாவா அம்மாவா என்று தெரியவில்லை. போகட்டும், இந்தப் பக்கத்தில் இனி உங்கள் பெயர் 'நம்பத்தகுந்த வட்டாரம்'.

கேள்வியை விட அதில் போட்டிருக்கிற 'சுயேச்சை'தான் எனக்குப் பிடித்திருக்கிறது. வேட்புமனுத் தாக்கல் சமயத்தில் மட்டும் தூசி தட்டி எடுக்கிற சொல் அது. கேஸ் சிலிண்டர், பலாப்பழம், பிரஷர் குக்கர் என்று மிச்சம் மீதி சின்னங்களோடு வந்து, வாக்கு எண்ணிக்கை நாளில் 'மற்றும் பலர்' ஆகிவிடும். 1996-ல் மொடக்குறிச்சி சட்டமன்றத் தொகுதியில் 1,033 பேர் நின்றார்கள். வாக்குச்சீட்டு சீட்டாக இல்லை, புத்தகமாக இருந்தது. ஒரு ஓட்டுகூட வாங்காதவர்களும் அதில் உண்டு. விவசாயிகள் தங்கள் குறையைக் காதில் போடத்தான் அப்படி நின்றார்கள் என்பதால் கேலி செய்ய மாட்டேன். அதே ஆண்டு சட்டமன்ற டெபாசிட் 250 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. இப்போது 10,000. இணையத்துக்கு இன்னும் யாரும் டெபாசிட் வைக்கவில்லை. ஒரு மைக், ஒரு செல்போன், முதுகுக்குப் பின்னால் ஒரு புத்தக அலமாரி போதும்.

சுயேச்சைகளில் நான்கு ரகம். நிஜமாகவே தனியாக நிற்பவர் ஒரு ரகம்; இவரைச் சீக்கிரம் அடையாளம் காணலாம், போஸ்டரை அவரே ஒட்டிக்கொண்டிருப்பார். அடுத்தவர் பெரிய கட்சி வேட்பாளரின் பெயரையே வைத்திருப்பவர். எதிராளி கண்டுபிடித்துக் கூட்டிவந்து நிறுத்திய ஆள். மூன்றாமவர் தன் வாகன அனுமதியையும் வாக்குச்சாவடி ஏஜென்ட் நாற்காலியையும் பெரிய கட்சிக்குக் கொடுத்துவிட்டு வீட்டில் தூங்குகிறவர். நான்காமவர் சீட் கிடைக்காத கோபத்தில் நிற்கும் அதிருப்தி வேட்பாளர்.

நீங்கள் சொல்லும் தளங்களிலும் இதே நான்கு ரகம்தான். அதிலும் நான்காவது ரகம் கொஞ்சம் அதிகம். பழைய அலுவலகத்தின் மேல் கோபத்தோடு வெளியே வந்தவரின் தளத்தில், முதல் ஆறு மாதக் கட்டுரைகளை எடுத்து வரிசையாகப் படித்தால் பழைய எம்.டி.யின் முகம் தெரியும். அது விமர்சனம் இல்லை, ராஜினாமாக் கடிதத்தின் இரண்டாம் பாகம். வென்ற சுயேச்சை ஒரு கட்சியில் போய்ச் சேர்ந்தால் பதவி போகும் என்று 1985-ல் அரசியல் சாசனத்தின் பத்தாவது அட்டவணையில் எழுதி வைத்தார்கள். இணையதளச் சுயேச்சைக்கு அப்படி எந்த அட்டவணையும் இல்லை. தேர்தலுக்கு மூன்று மாதம் முன்பு சேர்ந்துகொண்டு, முடிந்த மறுநாள் 'நடுநிலை' என்று பலகை மாட்டிக்கொள்ளலாம்.

அப்புறம் அந்த 'முன்னாள்'. முன்னாள் பத்திரிகையாளர் வேலையை விடும்போது சம்பளத்தை மட்டும் விட்டுவிட்டு வருவதில்லை. செய்தியைச் சரிபார்த்துத் திருத்தும் டெஸ்க்கை விட்டுவிட்டு வருகிறார், நூலகத்தை விட்டுவிட்டு வருகிறார், வக்கீலை விட்டுவிட்டு வருகிறார். கூட வருவது போன் நம்பர்கள் மட்டும். இதில் பெரிய இழப்பு டெஸ்க். 'கூறப்படுகிறது' என்று ரிப்போர்ட்டர் எழுதினால், 'யார் கூறினார்?' என்று சிவப்பு மையில் சுழிக்க ஒரு சிடுமூஞ்சி சப்-எடிட்டர் அங்கே இருந்தார். இந்தக் 'கூறப்படுகிறது' மேல் எனக்கு உள்ள பகை இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். தமிழ் இதழியலில் அதிகம் உழைத்த, ஒருபோதும் கையெழுத்துப் போடாத ஊழியர் இந்தக் 'கூறப்படுகிறது'தான். டெஸ்க் இல்லாத தளத்தில் அவருக்கு ஆசிரியர் பதவியே கிடைத்துவிடுகிறது.

வக்கீல் இல்லாததன் விளைவு வேறு மாதிரி. கிரிமினல் அவதூறு இன்றும் குற்றம்தான். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 499, 500 பிரிவுகள் இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 356. இரண்டு ஆண்டு வரை சிறை. அது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2016-ல் சொல்லிவிட்டது. தண்டனை கிடைப்பது அபூர்வம், அலைச்சல்தான் தண்டனை. வேறு மாநிலத்து ஊர் ஒன்றிலிருந்து சம்மன் வந்தால், நாலு பேர் வேலை பார்க்கும் தளத்தில் ஒருவருக்கு மாதம் மூன்று நாள் ரயிலில் போய்விடும். அதனால் நோட்டீஸ் வந்த அன்றே கட்டுரை காணாமல் போகும். 'பக்கம் கிடைக்கவில்லை' என்று திரை சொல்லும். நீக்கியதில் தப்பில்லை. ஏன் நீக்கினோம் என்று ஒரு வரி போடாததுதான் தப்பு. சந்தேகம் வந்தால் அந்தக் கட்டுரையின் முகவரியை, பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் போட்டுப் பாருங்கள். தளம் மறந்ததை அது பெரும்பாலும் மறந்திருக்காது.

பணத்துக்கு வருவோம். தளத்தின் அடிப்பகுதியில் பொடி எழுத்தில் ஒரு கம்பெனி பெயர் இருக்கும். இல்லையென்றால் அதுவே முதல் பதில். இருந்தால், மத்திய கம்பெனி விவகார அமைச்சக இணையதளத்தில் தேடுங்கள். 21 எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு பதிவு எண் வரும். அதன் நடுவில் உள்ள நான்கு இலக்கம் கம்பெனி பிறந்த ஆண்டு. 'நாற்பது ஆண்டுப் பாரம்பரியம்' பேசும் தளங்கள் இந்த இடத்தில் கொஞ்சம் இளமையாகத் தெரியும். அதை அடுத்த மூன்று எழுத்து பி.டி.சி. என்றால் பிரைவேட் லிமிடெட், என்.பி.எல். என்றால் லாபத்தைப் பங்கு போட்டுக்கொள்ள முடியாத எட்டாம் பிரிவு கம்பெனி. 100 ரூபாய் கட்டினால் அந்தக் கம்பெனி தாக்கல் செய்த ஆவணங்களைப் பார்க்கலாம். பங்குதாரர் யார் என்பது எம்.ஜி.டி.-7 படிவத்தில் இருக்கும், வரவு செலவு ஏ.ஓ.சி.-4 படிவத்தில் இருக்கும். தனிநபர் பெயரிலோ சாதாரணக் கூட்டு நிறுவனமாகவோ நடத்தினால் இது எதுவும் கிடைக்காது.

எல்லோரும் பங்குதாரர் பட்டியலைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். அங்கே இருப்பது பத்திரிகையாளரும் அவர் மனைவியும் மைத்துனரும்தான். நிஜ முதலாளி பங்கில் இருக்க மாட்டார், கடனில் இருப்பார். 'ஈடில்லாக் கடன்', 'பங்காக மாற்றத்தக்க கடன் பத்திரம்' என்ற இரண்டு தலைப்புகளைத் தேடுங்கள். என்.டி.டி.வி. கதையை விட நல்ல உதாரணம் வேண்டாம். பத்திரிகையாளர் தம்பதி நிறுவிய சேனல். 2009-10-ல், சேனலின் பங்குகளை வைத்திருந்த அவர்களுடைய ஹோல்டிங் கம்பெனி 400 கோடிக்கு மேல் வட்டியில்லாக் கடன் வாங்கியது. வேண்டும்போது பங்காக மாற்றிக்கொள்ளலாம் என்று வாரன்ட் எழுதிக்கொடுத்தது. பன்னிரண்டு வருஷம் அந்தக் காகிதம் பெட்டியில் தூங்கியது. 2022 ஆகஸ்டில் கடன் கொடுத்த கம்பெனியை அதானி குழுமம் வாங்கி, வாரன்டை எடுத்து நீட்டியது. சேனலின் 29.18 சதவீதம் கைமாறியது. நவம்பர் கடைசியில் அந்தச் சேனலின் பிரபலத் தொகுப்பாளர் ரவீஷ் குமார் ராஜினாமா செய்துவிட்டு யூடியூபுக்குப் போனார். ஆக, நீங்கள் கேட்கும் 'முன்னாள்'கள் பலர் எப்படி உற்பத்தியாகிறார்கள் என்பதும் இந்தக் கதையிலேயே இருக்கிறது.

யூடியூபுக்குப் போனால் சுதந்திரமா? விளம்பர வருமானத்தில் 55 சதவீதம் சேனலுக்கு, மிச்சம் யூடியூபுக்கு. வீடியோ எட்டு நிமிடத்தைத் தாண்டினால்தான் நடுவில் விளம்பரம் செருக முடியும். 2020 ஜூலை வரை அது பத்து நிமிடம். அரசியல் விமர்சனம் எல்லாம் ஏன் எட்டு நிமிடம் பன்னிரண்டு நொடியில் முடிகிறது என்று இனி ஆச்சரியப்பட வேண்டாம். ஒன்றைப் பிரித்துப் பார்ப்போம். தம்ப்நெயில் என்கிற முகப்புப் படத்தில், 'சிக்கிய புள்ளி! கதறும் தலைமை! நடந்தது என்ன?' வாய் பிளந்த ஒரு முகம், சிவப்பு அம்பு. முதல் ஒரு நிமிடம் 'நடந்தது என்ன என்று பார்ப்பதற்கு முன்னால்' சப்ஸ்கிரைப் வேண்டுகோள். அடுத்த மூன்று நிமிடம் அந்தப் புள்ளியின் ஜாதகம், எல்லோருக்கும் தெரிந்தது. ஐந்தாம் நிமிடம் விளம்பரம். ஆறாம் நிமிடத்தில் செய்தி, நாற்பது நொடி, அதுவும் காலைப் பேப்பரில் வந்தது. பிறகு 'என்னதான் நடக்கிறது தமிழக அரசியலில்?' என்று நம்மையே கேள்வி. கதறிய தலைமை கடைசி வரை கதறவே இல்லை. இவருக்கு முதலாளி கிடையாதுதான். கூரைக்கு மேலே உட்கார்ந்து எட்டு நிமிடம் என்று எண்ணிக்கொண்டிருக்கும் ஒரு கடிகாரம் மட்டும் உண்டு. அந்தக் கடிகாரத்துக்குக் கோபமும் வரும்: காப்புரிமைப் புகார் 90 நாளில் மூன்று சேர்ந்தால் சேனலே போகும். ஒரு செய்தி நிறுவனத்தின் சில நொடிக் காட்சியை எடுத்துப் போட்டால்கூடப் புகார் வரலாம்.

சரி, விளம்பரமே வேண்டாம், வாசகர் சந்தாவில் நடத்துகிறோம் என்கிறவர்கள்தான் மேல் என்று நானும் சொல்வேன். பிரான்ஸில் லெ மோந்த் நாளிதழிலிருந்து வெளியே வந்தவர்கள் 2008-ல் தொடங்கிய மீதியாபார் தளம் அப்படித்தான் நடக்கிறது. மலேசியச் செய்தித் தளமான மலேசியாகினிக்கு 2021-ல் வாசகர் பின்னூட்டங்களுக்காக நீதிமன்றம் ஐந்து லட்சம் ரிங்கிட் அபராதம் போட்டபோது, வாசகர்கள் சில மணி நேரத்தில் அந்தத் தொகையைத் திரட்டிக் கொடுத்தார்கள். ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஆறு பேர், மாதச் செலவு நான்கு லட்சம், சந்தா 200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். செய்தித்தாள் காகிதத்தில் வந்தால் ஜி.எஸ்.டி. இல்லை. திரையில் சந்தாவாக விற்றால் 18 சதவீதம். செய்தி பொய்யாக இருந்தாலும் காகிதத்துக்குச் சலுகை உண்டு என்பது நம் வரித்துறையின் நகைச்சுவை. வரியும் பேமென்ட் கேட்வே கழிவும் போக 200-ல் கையில் நிற்பது சுமார் 165. ஆக, சுமார் 2,430 பேர் மாதாமாதம் கட்ட வேண்டும்.

அங்கேதான் சிக்கல். தானாகப் பணம் எடுக்கும் முறைக்கு ரிசர்வ் வங்கி 2021 அக்டோபர் முதல் ஒரு விதி வைத்திருக்கிறது: எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பு சந்தாதாரருக்குத் தகவல் போக வேண்டும். வாடிக்கையாளருக்கு நல்ல விதி. தளத்துக்கு அது மாதாமாதம் இடைத்தேர்தல். 'நாளை 200 ரூபாய் எடுக்கப்படும்' என்ற செய்தி, அவருக்குப் பிடித்த தலைவரை நீங்கள் குத்திக்காட்டிய அதே சாயங்காலம் போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும்? ஐம்பது பேர் ரத்து செய்தால் ஒரு உதவி ஆசிரியரின் சம்பளத்தில் துண்டு விழும். அடுத்த மாதம் அந்தத் தலைவரைப் பற்றிய வாக்கியத்தில் ஒரு 'எனினும்' வந்து உட்காரும். மூன்றாம் மாதம் வாக்கியமே இருக்காது. பழைய அலுவலகத்தில் ஒரு முதலாளி. போனில் கத்துவார், சில சமயம் சமாதானமும் ஆவார். இங்கே 2,430 முதலாளிகள். ஒருவரும் கத்த மாட்டார்கள், சத்தமில்லாமல் ரத்து செய்வார்கள். விளம்பரதாரரிடம் வளைந்தால் வெட்கமாவது வரும். வாசகரிடம் வளையும்போது அதற்குக் கொள்கை என்று பெயர் வைத்துக்கொள்ள முடிகிறது.

நீங்கள் நம் பத்திரிகையின் பின்னட்டையைத் திருப்புவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்: ஜவுளிக்கடை விளம்பரம்தான். அந்தக் கடையைப் பற்றி நாம் எழுதியதில்லை. எழுதுவோமா என்று கேட்காதீர்கள், அச்சுக்குப் போகிற நேரம்.

நம்பலாமா என்றுதானே கேட்டீர்கள். ஒரு தளத்தைப் பிடித்து மூன்று மாதம் படியுங்கள். தன் சந்தாதாரர்கள் முகம் சுளிக்கிற மாதிரி ஒரு கட்டுரையாவது அதில் வந்திருக்கிறதா, தவறு நேர்ந்தபோது எந்த வரி தப்பு, சரியானது எது, எந்தத் தேதியில் திருத்தினோம் என்று கட்டுரையின் தலையிலேயே போடுகிறார்களா என்று பாருங்கள். இரண்டும் இருந்தால் சந்தா கட்டலாம். ஒன்று இருந்தால் ஓசியில் படிக்கலாம்.

திருத்தம்: உங்கள் கடிதத்தில் 'சுயேட்சை' என்று இருந்ததை 'சுயேச்சை' என்று மாற்றி வெளியிட்டிருக்கிறேன். சுய, இச்சை இரண்டும் சேர்ந்த சொல் அது. 'ட்'தான் சரி என்று மாதம் தவறாமல் அட்டை போடும் நண்பர் இந்த மாதமும் போடலாம்.