சுவரில் பூஞ்சை, மகனுக்கு இழைப்பு: வர்ணம் அடித்தால் போதுமா?

கேள்வி: சென்னையில் தரைத்தள வாடகை வீட்டில் இருக்கிறோம். மழைக்காலம் தொடங்கியதிலிருந்து படுக்கையறையில், கட்டிலை ஒட்டிய சுவரில் கருப்புப் புள்ளிகள் பரவுகின்றன. ஆறு வயது மகனுக்கு இரவில் இருமல், இழைப்பு. டாக்டர் இன்ஹேலர் எழுதித் தந்தார்; அது பழக்கமாகிவிடும் என்று வீட்டில் பயப்படுகிறார்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்த ஒரு வாரமும் அவனுக்கு இருமலே இல்லை. வீட்டு உரிமையாளர் வர்ணம் அடித்துத் தருகிறேன் என்கிறார். போன வருடமும் அடித்தார். சர்க்கரை நோயுள்ள என் மாமியாரும் அதே அறையில்தான் படுக்கிறார். கொரோனா சமயத்தில் வந்த கருப்புப் பூஞ்சை இதுதானா?

பதில்: உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது, ஊரில் இருந்தபோது இருமல் நின்றது என்ற செய்தி. அப்படியானால் காரணம் வீட்டுக்குள் இருக்கவே வாய்ப்பு அதிகம். கொசுவர்த்திப் புகை, ஊதுவத்தி, மெத்தைத் தூசி ஆகியவையும் இழைப்பைத் தூண்டும் என்பதால் அவற்றையும் நிறுத்திப் பாருங்கள். ஆனாலும் அந்தச் சுவரைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன்.

பூஞ்சை, கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வித்துகளைக் காற்றில் உதிர்க்கிறது. மின்விசிறி சுழலும்போதும், கட்டிலை நகர்த்தும்போதும், போர்வையை உதறும்போதும் அவை அறை முழுவதும் பரவுகின்றன. மூக்கில் தங்கினால் தும்மலும் நீர்வடிதலும் வரும். ஒவ்வாமை உள்ள குழந்தையின் மூச்சுக்குழாய்க்குள் இறங்கினால் குழாயின் உட்புறம் வீங்கி, சுற்றியுள்ள தசை இறுகும். இழைப்புச் சத்தம் அதனால்தான். ஈரச் சுவரில் பூஞ்சையோடு பாக்டீரியாவும் பெருகும். எது எவ்வளவு கேடு செய்கிறது என்று பிரித்துச் சொல்வது கடினம். அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், இத்தனை வித்துகள் வரை இருக்கலாம் என்று அளவு எதையும் சொல்லாமல், வீட்டில் ஈரம் தங்குவதையே தடுக்கச் சொன்னது. எந்த வகைப் பூஞ்சை என்று கண்டறிய ஆய்வகத்துக்குச் செலவழிக்காதீர்கள். அந்தப் பணம் பிளம்பருக்கும் கொத்தனாருக்கும் உதவும்.

இனி உங்கள் மாமியார். கருப்புப் பூஞ்சை என்ற பெயரில் 2021-இல் நம்மை அச்சுறுத்தியது மியூகார்மைகோசிஸ் என்ற நோய். அதன் கிருமி ரத்தக் குழாய்களை அடைத்துத் திசுக்களை அழுகச் செய்ததால்தான் மூக்கிலும் அண்ணத்திலும் கருமை தெரிந்தது. மிதமிஞ்சிய சர்க்கரையும் ஸ்டீராய்டு மருந்தும் சேர்ந்தவர்களையே அது அதிகம் தாக்கியது. உங்கள் சுவரில் படர்வது பெரும்பாலும் கிளாடோஸ்போரியம், ஆஸ்பெர்ஜில்லஸ் போன்ற வேறு வகைகள். பயப்பட வேண்டாம். ஆனால் நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள் பூஞ்சை பிடித்த அறையில் படுப்பது நல்லதல்ல. இன்று இரவே மகனையும் மாமியாரையும் வேறு அறைக்கு மாற்றிவிடுங்கள். மாமியாரின் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இன்ஹேலரை தயவுசெய்து நிறுத்தாதீர்கள். அது அடிமையாக்கும் மருந்து அல்ல. நேரே மூச்சுக்குழாய்க்குப் போவதால், சிரப்பிலும் மாத்திரையிலும் கொடுப்பதைவிட மிகக் குறைந்த அளவு மருந்தே போதுமானதாகிறது. தடுப்பு இன்ஹேலர் என்று எழுதியிருந்தால் இருமல் இல்லாத நாளிலும் கொடுக்க வேண்டும். இந்த வயதில் ஸ்பேசர் (இன்ஹேலருக்கும் வாய்க்கும் இடையே வைக்கும் பிளாஸ்டிக் குழாய்) பொருத்திக் கொடுங்கள். இல்லையென்றால் மருந்தில் பெரும்பகுதி வாயிலும் தொண்டையிலுமே தங்கிவிடும். மூச்சை உள்ளே இழுக்கும்போது விலா எலும்புகளுக்கு இடையே சதை உள்ளிழுத்தாலோ, பேச முடியாமல் திணறினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ விடியும்வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

வர்ணம் இதற்குத் தீர்வு ஆகாது. உள்ளே ஈரம் இருக்கும்வரை பூஞ்சை அதைப் பொத்துக்கொண்டு வரும். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். சுவருக்கு அந்தப்பக்கம் குளியலறை இருந்தால் குழாய்க் கசிவைச் சந்தேகியுங்கள். தரையிலிருந்து இடுப்பளவு வரை ஓதம் ஏறியிருந்தால் மண்ணின் ஈரத்தை அஸ்திவாரம் உறிஞ்சுகிறது. ஓர் எளிய சோதனையும் உண்டு: சமையலறை அலுமினியத் தாளை ஓர் அடிச் சதுரமாக வெட்டி, நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் சுவரில் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் உட்புறம் ஈரமானால் கசிவு சுவருக்குள் இருக்கிறது. வெளிப்புறம் மட்டும் ஈரமானால் அறைக் காற்றின் ஈரம் படிகிறது. அப்போது அறைக்குள் துணி காயப்போடுவதை நிறுத்தி, ஜன்னலைத் திறந்து, கட்டிலையும் பீரோவையும் சுவரிலிருந்து அரையடி தள்ளிப் போட்டாலே பெரிதும் குறையும்.

புள்ளிகள் மூன்றடிக்கு மூன்றடிக்குள் இருந்தால் நீங்களே சுத்தம் செய்யலாம். என்95 முகக்கவசமும் கையுறையும் அணிந்து, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்துக் காயவிடுங்கள். உலர்ந்த நிலையில் சுரண்டவே கூடாது, வித்துகள் கிளம்பும். பிளீச்சிங்கை டாய்லெட் ஆசிட்டோடு ஒருபோதும் கலக்காதீர்கள். அதிலிருந்து எழும் குளோரின் வாயு நுரையீரலைப் புண்ணாக்கிவிடும். பூஞ்சை பிடித்த தலையணையைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

உரிமையாளரிடம் உறுதியாகப் பேசுங்கள். இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் ஒரு தந்தை, வாடகைக் குடியிருப்பில் பூஞ்சை என்று புகார் சொன்னபோது அவருக்கும் வர்ணம் அடிக்கச் சொல்லித்தான் பதில் வந்தது. 2020 டிசம்பரில் அவருடைய இரண்டு வயது மகன் மூச்சுக் கோளாறால் இறந்தான். நீண்ட நாள் பூஞ்சையைச் சுவாசித்ததே காரணம் என்று 2022-இல் விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். அங்கே குறைந்த வாடகைக்குத் தரப்படும் சமூக வீடுகளில் ஈரத்தையும் பூஞ்சையையும் கெடு வைத்துச் சரிசெய்யும் சட்டம் அதன்பிறகே வந்தது. உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. அப்படி நடப்பது மிக அரிது. சுவர்க் கசிவை அழகுப் பிரச்சினையாக நினைப்பவரிடம் சொல்வதற்காகத் தருகிறேன். கட்டடப் பழுதும் குழாய்ப் பழுதும் பொதுவாக உரிமையாளரின் பொறுப்பே. புகைப்படத்தோடு எழுத்தில் கேளுங்கள். மகனின் மருந்துச் சீட்டையும் இணையுங்கள்.

சுவர் காய்ந்து ஒரு மாதம் கழிந்தும் இரவு இருமல் தொடர்ந்தால் குழந்தைகளுக்கான நுரையீரல் மருத்துவரைப் பாருங்கள். ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனையை ஆறு வயதுப் பிள்ளைகள் பலரால் செய்ய முடியும். ஒவ்வாமைப் பரிசோதனை தேவையா என்பதை அவரே சொல்வார்.