ஆஸ்பத்திரி அறைக்கு ஐபிடிவி: 24 படுக்கைக்குத் தேவையா?

கேள்வி: காரைக்குடியில், பழைய செட்டிநாட்டு வீடு ஒன்றை மாற்றி 24 படுக்கை மருத்துவமனை நடத்துகிறோம். இப்போது அறைக்கு ஒரு டிடிஎச் பாக்ஸ் இருக்கிறது. அதை எடுத்துவிட்டு ஐபிடிவி (கணினி நெட்வொர்க் வழியாக வரும் டிவி) போட்டால் பொழுதுபோக்கோடு சர்க்கரை நோய், பிரசவம் பற்றிய வீடியோக்களும் காட்டலாம் என்கிறது ஒரு நிறுவனம். 100 எம்பிபிஎஸ் இன்டர்நெட், வைஃபை இரண்டும் உண்டு. போடலாமா?

பதில்: வைஃபையை நம்பிப் போடாதீர்கள். உங்கள் வீட்டுத் தடித்த சுவரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. முகப்பில் இருக்கிற ரவுட்டரின் சிக்னல் இரண்டாம் கட்டைத் தொடுவதற்குள் படம் சுற்ற ஆரம்பித்துவிடும். ஒவ்வொரு டிவிக்கும் கேட் 6 நெட்வொர்க் கேபிள் இழுங்கள். ஒரே இழுப்பு 100 மீட்டரைத் தாண்டக் கூடாது. முகப்பிலிருந்து பின்கட்டு வரை, ஏற்ற இறக்கமெல்லாம் சேர்த்தால் இந்தக் கணக்கு உதைக்கலாம். நடுவில், வளவு முற்றத்துப் பக்கம் ஒரு நெட்வொர்க் ஸ்விட்ச் வைத்துவிடுங்கள்.

அப்புறம், ஐபிடிவி என்றால் எல்லாமே இன்டர்நெட்டிலிருந்துதான் வரவேண்டும் என்றில்லை. படுக்கைக்கு ஒன்று என்று 24 டிவியும் தனித்தனியாக வெளியிலிருந்து இழுத்தால், ஒன்றுக்கு 5 எம்பிபிஎஸ் வைத்தாலும் 120 ஆகிறது. இரவு சீரியல் நேரத்தில் பில்லிங் கவுன்டர் திணறும். முறையான அமைப்பில் சானல்கள் ஒரே கருவிக்கு வந்து, உள் நெட்வொர்க்கில் மல்டிகாஸ்ட்டாகப் போகும். பத்து அறையில் ஒரே சீரியல் ஓடினாலும் கருவியிலிருந்து கிளம்புவது ஒரே ஸ்ட்ரீம்தான். அதற்கு ஸ்விட்சில் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங், அதாவது எந்த டிவி எந்தச் சானலைக் கேட்கிறது என்று கவனிக்கும் வசதி, இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கேட்காத சானலையும் எல்லா போர்ட்டிலும் கொட்டும். இதை நிறுவனத்திடம் கேட்டுப் பாருங்கள். பதிலில் தடுமாறினால், சரி, வேறு ஆளைத் தேடுங்கள். நோயாளி விவரம் உள்ள கணினிகளோடு டிவிகள் கலக்காமல் விலான் (ஒரே நெட்வொர்க்குக்குள் தனித்தனிப் பாதை) போட்டுப் பிரிக்கவும் சொல்லுங்கள். டிடிஎச் சானல்களை இப்படிப் பிரித்துக் கொடுக்க எழுத்துபூர்வ அனுமதி வேண்டும்; வீட்டுக்கு எடுத்த ஓடிடி சந்தாவை அறைகளில் ஓட்டக் கூடாது.

ஆனால் 24 படுக்கைக்கு இவ்வளவும் வேண்டுமா? வேண்டாம் என்பேன். சீரியலுக்கு டிடிஎச்சே இருக்கட்டும். கல்வி வீடியோவுக்கு மட்டும் உள்ளே ஒரு சின்ன சர்வர், டிவிக்கு ஒரு ஆண்ட்ராய்டு பாக்ஸ். இன்டர்நெட் போனாலும் ஓடும்.

மிச்சப் பணத்தை வீடியோவில் போடுங்கள். வெளியில் வாங்கும் வீடியோ ரொட்டியையும் சீஸையும் காட்டி உப்பைக் குறைக்கச் சொல்லும். நம் ஆச்சிகளுக்கு அதில் என்ன இருக்கிறது? உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஏறக்குறைய ஒரு டீஸ்பூன். அந்த டீஸ்பூனைத் தட்டில் கொட்டி, பக்கத்தில் அப்பளம், மோர்மிளகாய், ஊறுகாய், உப்புக்கண்டம் எல்லாம் வைத்து, குழம்பில் குறைத்தது இந்த வழியாகத் திரும்பி வருவதைக் காட்ட வேண்டும். உங்கள் டயட்டீஷியன் தன் குரலில் பேசி, போனில் எடுத்த மூன்று நிமிடம் போதும். இன்ஹேலர் இழுத்தபின் 10 விநாடி மூச்சைப் பிடிப்பது, வயிற்று ஆபரேஷனுக்குப் பின் தலையணையை அணைத்து இருமுவது, இன்சுலின் போடுவது என்று கை வேலை உள்ளவற்றில் தொடங்குங்கள்.

வீடியோவை ஆபரேஷன் ஆன அன்றைக்கே போட்டுவிடாதீர்கள். சாப்பாட்டு வீடியோ என்றால், வீட்டில் சமைப்பவர் கூட இருக்கிற நேரமாகப் பார்த்துப் போடுங்கள். முடிந்ததும் நர்ஸ் “புரிஞ்சுதா?” என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். “நீங்க செஞ்சு காட்டுங்க ஆச்சி” என்று சொல்லிப் பார்த்தால்தான் தெரியும். இந்த ஒரு வேலைக்கு ஆள் ஒதுக்க முடியாவிட்டால் சர்வரும் வேண்டாம்.

ரிமோட்டை ஜிப் கவரில் போட்டு, நோயாளி மாறும்போதெல்லாம் துடையுங்கள். பொது வார்டில் இயர்போன் கட்டாயம்.

நிறுவனம் ‘இயற்கைக் காட்சி சானல்’ என்று ஒன்றையும் விற்கப் பார்க்கலாம். பித்தப்பை ஆபரேஷன் ஆனவர்களில், ஜன்னல் வழியே மரம் தெரிந்தவர்கள் செங்கல் சுவரைப் பார்த்துக் கிடந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள் என்று ஆய்வாளர் ரோஜர் உல்ரிச் 1984இல் எழுதினார். அது ஜன்னல், டிவி அல்ல. உங்களிடம் வானம் தெரிகிற வளவு இருக்கிறது. நடக்க முடிந்தவர்களுக்கு அங்கே நாலு நாற்காலி போடுங்கள்.