இனாமாக வரும் அந்த ஒரு வாரம்

கேள்வி: வழக்கறிஞர் அம்மாவுக்கு வணக்கம். என் நெருங்கிய தோழி 12 வருடங்களுக்கு முன்பு ஒரு ரிசார்ட்டில் டைம்ஷேர் வாங்கினாள். அதாவது இரண்டு படுக்கையறை வீட்டில் வருடத்துக்கு ஒரு வாரம் தங்கிக்கொள்ளும் உரிமை. பிள்ளைகள் வளர்ந்துவிட்டதால் இப்போது அங்கே போவதே இல்லை. ஆண்டுக் கட்டணம் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. “எனக்கு ஒரு காசும் வேண்டாம், உன் பேருக்கு மாத்திக்கோ, அடுத்த வருஷத்திலேருந்து மெயின்டெனன்ஸ் மட்டும் நீ கட்டு” என்கிறாள். அவளோடு இரண்டு முறை அங்கே தங்கியிருக்கிறோம், இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். பெயர் மாற்றக் கம்பெனி கட்டணம் கேட்பதால், “நமக்குள்ளேயே ஒரு பேப்பர்ல எழுதிக்கலாமே” என்றும் சொல்கிறாள். என் கணவருக்கு இதில் இஷ்டமில்லை. இனாமாக வருவதை ஏன் விட வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: நான் உங்கள் கணவர் கட்சி. இப்போதைக்கு எடுக்காதீர்கள்.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். இந்த மாட்டை மட்டும் பார்த்தே ஆகவேண்டும். தீனி வருடா வருடம் நீங்கள்தான் போட வேண்டும், பால் கறந்தாலும் கறக்காவிட்டாலும். அதோடு, வேண்டாம் என்றால் சந்தைக்கு ஓட்டிப் போய் விற்றுவிட்டு வர முடியாத மாடு இது. விற்க முடிந்திருந்தால் உங்கள் தோழி விற்றிருப்பார். அவர் கெட்ட எண்ணத்தில் கொடுக்கிறார் என்று சொல்ல வரவில்லை. வெளியே போக ஒரு கதவைத் தேடுகிறார், அந்தக் கதவில் நீங்கள் நிற்கிறீர்கள்.

முதலில் அவருடைய ஒப்பந்தத்தை வாங்கிப் படியுங்கள். பளபளவென்று அச்சிட்ட விளம்பரப் புத்தகம் வேண்டாம், அவர் கையெழுத்துப் போட்ட மூல ஒப்பந்தம் வேண்டும். டைம்ஷேர் என்ற ஒரே பெயரில் வேறு வேறு சரக்குகள் விற்கப்படுகின்றன. ஒன்றில், அந்தக் கட்டடத்தின் ஒரு பங்கே உங்கள் பெயரில் பத்திரமாகப் பதிவாகும். மற்றொன்றில் சொத்து எதுவும் கிடையாது, குறிப்பிட்ட ஆண்டுகளுக்குத் தங்கும் உரிமை மட்டுமே. புள்ளிகளாகக் கொடுத்து, அதை வைத்து அறை எடுத்துக்கொள்ளச் சொல்வதும் உண்டு. அந்தப் புள்ளிகளுக்குப் பின்னாலும் இந்த இரண்டில் ஒன்று இருக்கும். பத்திரம் என்றதும் நம்மவர்களுக்கு மனம் குளிர்ந்துவிடும், சொத்து சேர்ந்தது என்று. இந்த விஷயத்தில் நான் தலைகீழாகச் சொல்வேன். காலவரம்பு உள்ள தங்கும் உரிமை என்றைக்காவது ஒருநாள் தானாக முடியும். பத்திரமாகப் பதிந்த பங்கு பல நேரங்களில் முடிவில்லாதது, அதன் கட்டணமும் அப்படியே.

‘முடிவில்லாதது’ என்பதை நான் பயமுறுத்தச் சொல்லவில்லை. ஸ்பெயினில் 1998-ல் சட்டம் போட்டு, டைம்ஷேரின் ஆயுள் 3 ஆண்டுக்குக் குறையாமலும் 50 ஆண்டுக்கு மிகாமலும் இருக்க வேண்டும் என்றார்கள். அதற்குப் பிறகும் சில நிறுவனங்கள் காலவரம்பில்லாமல் விற்றன. அப்படிப்பட்ட ஒப்பந்தம் செல்லாது என்று அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் 2015-ல் தீர்ப்புச் சொன்னது. இப்படி வரம்பு கட்டாத நாடுகளும் இருக்கின்றன. ஆகவே தோழியின் ஒப்பந்தத்தில் நீங்கள் தேட வேண்டிய முதல் வரி, இது எந்த ஆண்டு முடிகிறது என்பது. அந்த வரியே இல்லையென்றால் மேற்கொண்டு படிக்க வேண்டியதில்லை, நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

அடுத்தது கட்டணம். தோழி இந்த வருடத்துத் தொகையைத்தான் சொல்லியிருப்பார். உங்களுக்குத் தேவை கடந்த ஐந்தாறு வருடத்து ரசீதுகள். கணக்கு எளிது: வருடத்துக்கு 6 சதவீதம் ஏறும் கட்டணம் 12 ஆண்டில் இரட்டிப்பாகிவிடும், 5 சதவீதம் என்றால் ஏறக்குறைய 14 ஆண்டில். இது வழக்கமான ஏற்றம் மட்டும். கூரை மாற்றினோம், நீச்சல் குளத்தைப் புதுப்பித்தோம், புயல் அடித்துக் கட்டடம் சேதமானது என்று சிறப்பு வசூல் தனியாக வரும். ஆண்டுக் கட்டணத்துக்கு மேலே அதையும் எல்லாப் பங்குதாரர்களும் பகிர வேண்டியிருக்கும். நீங்கள் அந்த வருடம் போனீர்களா என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

பலரும் யோசிக்காத இடம் ஒன்று உண்டு. கட்டடம் பழசாகப் பழசாகச் செலவு கூடும். அதே நேரத்தில் பங்குதாரர்களுக்கும் வயதாகும், சிலர் கட்டுவதை நிறுத்திவிடுவார்கள். அவர்கள் விட்ட பாக்கி எங்கே போகும்? பராமரிப்பு பங்குதாரர் சங்கத்தின் பொறுப்பில் உள்ள இடங்களில், ஒழுங்காகக் கட்டிக்கொண்டிருக்கும் மிச்சப் பேர் தலையில்தான் விழும். அதனால் சங்கத்தின் ஆண்டுக் கணக்கறிக்கையைக் கேளுங்கள். வராத பாக்கி எவ்வளவு, பெரிய மராமத்துக்கென்று ஒதுக்கிய நிதி எவ்வளவு என்ற இரண்டு எண்களைப் பார்த்தால் போதும், மற்றதெல்லாம் அலங்காரம். பாக்கி பெருத்து நிதி மெலிந்திருந்தால் அடுத்த சிறப்பு வசூல் வாசலுக்கு வந்துவிட்டது என்று பொருள்.

இனி, “நமக்குள்ளேயே எழுதிக்கலாம்” என்ற யோசனைக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்த வரி அதுதான்.

ஒப்பந்தச் சட்டத்தில் பழைய விதி ஒன்று இருக்கிறது. உரிமையைப் பெரும்பாலும் கைமாற்றலாம், கடமையை எதிர்த்தரப்பின் சம்மதமில்லாமல் கைமாற்ற முடியாது. உங்கள் தோழிக்குக் கம்பெனியோடு ஒப்பந்தம். நீங்கள் இருவரும் ஒரு தாளில் என்ன எழுதிக்கொண்டாலும் கம்பெனியின் கணக்கில் கடனாளி அவர்தான். நீங்கள் ஒரு வருடம் கட்டத் தவறினால் நோட்டீஸ் அவர் வீட்டுக்குப் போகும், வசூல் வழக்கும் அவர் மேல்தான். அவர் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு உங்களிடம் வர வேண்டும், அதாவது தோழி மேல் தோழி வழக்குப் போட வேண்டும். உங்கள் பக்கமிருந்து பாருங்கள்: பணம் கட்டுவீர்கள், ஆனால் அறையைப் பதிவு செய்ய ஒவ்வொரு முறையும் அவர் கையெழுத்தோ பாஸ்வேர்டோ வேண்டும். அவர் இறந்துவிட்டால் அவருடைய வாரிசுகளிடம் போய் நிற்க வேண்டும். கட்டியதற்கு உரிமை இல்லை, எடுத்துக் கொடுத்ததற்கு விடுதலை இல்லை. ஒரு தாளில் இரண்டு பேரும் ஒருசேரத் தோற்கும் ஏற்பாட்டை நான் அதிகம் பார்த்ததில்லை.

வேடிக்கை என்னவென்றால், இந்தத் தாள் அவருக்குத்தான் அதிகக் கெடுதல். முறைப்படி கம்பெனியில் பெயர் மாற்றினால் சுமை முழுக்க உங்கள் மேல் வரும், அவர் விடுதலையாவார். மாற்றாவிட்டால் அவர் மாட்டிக்கொண்டே இருப்பார். அவருக்கு நல்லது உங்களுக்குக் கெட்டது, உங்களுக்கு நல்லது அவருக்குக் கெட்டது. நட்பு எவ்வளவு ஆழமாக இருந்தாலும் இந்தக் காரியத்தில் நீங்கள் இருவரும் எதிரெதிர்த் தரப்பு. அதனால் இருவருக்கும் சேர்த்து ஒரே வக்கீலை வைத்து எழுதிக்கொள்ளாதீர்கள்.

முறைப்படி மாற்றுவது என்றால் கம்பெனி சொல்வதுதான் நடக்கும். பழைய பாக்கி முழுக்கத் தீர்ந்திருக்க வேண்டும் என்பார்கள். வாங்கும்போது எடுத்த கடனில் தவணை மிச்சமிருந்தால் அதுவும் முடிந்திருக்க வேண்டும். 12 வருடம் ஆகிவிட்டதே என்று கேட்காமல் விட்டுவிடாதீர்கள். வெளியாளுக்குக் கொடுக்கும் முன் தங்களிடம் கேட்க வேண்டும் என்ற முன்னுரிமைப் பிரிவும் சில ஒப்பந்தங்களில் இருக்கும். இன்னொரு சூட்சுமம்: நேரடியாக விலை கொடுத்து வாங்கியவருக்குக் கொடுத்த சலுகைகள் கைமாறி வந்தவருக்குக் கிடைக்காமல் போவதுண்டு. தோழி அனுபவித்த எல்லாம் உங்களுக்கும் வரும் என்று எண்ண வேண்டாம், எது வரும் எது வராது என்று கம்பெனியிடம் எழுத்தில் வாங்குங்கள்.

“அங்கேயே போகணும்னு இல்லை, உலகத்துல எங்க வேணா மாத்திப் போகலாம்” என்றும் அவர் சொல்லியிருக்கக்கூடும். 1974-ல் தொடங்கிய ஆர்.சி.ஐ., 1976-ல் வந்த இன்டர்வல் இன்டர்நேஷனல் போன்ற பரிமாற்ற நிறுவனங்களை வைத்துச் சொல்லும் பேச்சு அது. மாற்றிக்கொள்ளலாம் என்பது உண்மைதான். அதற்கு அங்கே தனி உறுப்பினர் சந்தா கட்ட வேண்டும், ஒவ்வொரு மாற்றத்துக்கும் கட்டணம் வேறு. எல்லோரும் கேட்கும் இடமும் எல்லோரும் கேட்கும் விடுமுறை வாரமும் கிடைக்க, நீங்கள் கொடுக்கும் வாரத்துக்கும் அதே கிராக்கி இருக்க வேண்டும்.

புதிதாக வாங்குகிறவருக்குச் சட்டம் ஒரு மூச்சுவிடும் அவகாசம் தருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008-ம் ஆண்டு வழிகாட்டு ஆணைப்படி 14 நாள், காரணம் சொல்லாமலே விலகலாம், அதுவரை முன்பணம் கூட வாங்கக் கூடாது. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் 10 நாள். சிங்கப்பூரில் விடுமுறை நாட்கள் நீங்கலாக 5 நாள். இவை விற்பனையாளரின் தேன் பேச்சிலிருந்து வாங்குகிறவரைக் காப்பாற்ற வந்தவை. தோழி வியாபாரி இல்லை. தனி ஆளிடமிருந்து தனி ஆளுக்குக் கைமாறும்போது இந்தப் பாதுகாப்பு பொதுவாகக் கிடைக்காது. காலையில் கையெழுத்துப் போட்டு மாலையில் மனம் மாறினால் அதற்கு மருந்தில்லை. கம்பெனியில் வாங்கிய உங்கள் தோழிக்கு இருந்த காப்பு, இனாமாக வாங்கும் உங்களுக்கு இல்லை.

பிள்ளைகள் விஷயம் ஒன்று. உங்களுக்குப் பிறகு இது யாருக்குப் போகும்? ஒரு முறை மூன்று உடன்பிறப்புகள் என் அலுவலகத்துக்கு வந்தார்கள். வீட்டைப் பிரிக்க அரை மணி நேரத்தில் சம்மதித்தவர்கள், அம்மாவின் டைம்ஷேரை நீ எடு நீ எடு என்று ஒரு மாதம் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார்கள். வாரிசுச் சொத்தை வேண்டாம் என்று மறுக்கும் உரிமை பல நாடுகளின் சட்டத்தில் உண்டு. ஆனால் பொதுவாகக் காலக்கெடுவுக்குள், எழுத்தில், முழுமையாக மறுக்க வேண்டும். இடையில் ஒரு முறை போய்த் தங்கிவிட்டு வந்தாலே ஏற்றுக்கொண்டதாக எடுத்துக்கொள்ளப்படும் அபாயம் இருக்கிறது.

இவ்வளவு சொன்ன பிறகும் அந்த இடம் உங்களுக்குப் பிடிக்கும் என்பது மாறப் போவதில்லை. சரி, போய் வாருங்கள். அதற்கு அதைச் சுமக்க வேண்டியதில்லையே. பல ரிசார்ட்டுகளில் பங்குதாரர் தன் வாரத்தை விருந்தினர் பெயரில் பதிவு செய்து கொடுக்கலாம். “இந்த வருஷம் உன் வாரத்தை எனக்குக் கொடு, இந்த வருஷக் கட்டணத்தை நான் கட்டுகிறேன்” என்று கேட்டுப் பாருங்கள். காசு கைமாறுவதை ஒப்பந்தம் தடுக்கிறதா என்பதை மட்டும் அவர் பார்த்துக்கொள்ளட்டும். பிடித்தால் அடுத்த வருடமும் கேட்கலாம், இல்லாவிட்டால் அத்தோடு விட்டது. கையெழுத்துப் போடும் முன் அதே காலத்துக்கு அதே ஊரில் சாதாரண வாடகை அறை என்ன விலை என்றும் பாருங்கள். கட்டணத்தைவிடக் குறைவாக இருந்தால் பேச்சே இல்லை.

தோழிக்கும் ஒரு வார்த்தை. கம்பெனியிடமே திருப்பி ஒப்படைக்கும் திட்டம் இருக்கிறதா என்று அவர் நேரில், எழுத்தில் கேட்கட்டும். எல்லோரும் ஒத்துக்கொள்வதில்லை, ஆனால் பாக்கி இல்லாதவர்களிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள்ளும் நிறுவனங்கள் இருக்கின்றன. “உங்கள் டைம்ஷேருக்கு ஆள் ரெடி, முதலில் எங்கள் கட்டணத்தைக் கட்டுங்கள்” என்று போன் வந்தால் வைத்துவிடச் சொல்லுங்கள். விற்க முடியாமல் தவிப்பவர்களைக் குறிவைத்தே பிழைக்கும் கூட்டம் அது. அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் இதைப் பற்றி மக்களை எச்சரித்திருக்கிறது.

எடுத்தே தீருவேன் என்றால், முடியும் ஆண்டு எழுதியிருக்க வேண்டும், நிலுவை எதுவும் இல்லை என்று கம்பெனியே எழுதித் தர வேண்டும், மாற்றுக் கட்டணத்தைத் தோழி கட்ட வேண்டும். மாற்றம் முடிந்த நாளுக்கு முந்தைய எந்தப் பாக்கி பின்னால் தலைகாட்டினாலும் அவர் பொறுப்பு என்று தனியாக எழுதி வாங்குங்கள். உங்களுக்குத் தேவையில்லாதபோது எப்படி வெளியேறுவது என்று கம்பெனியிடம் இப்போதே கேளுங்கள். அந்தப் பதில் எழுத்தில் வராதவரை கையெழுத்து வேண்டாம்.

இன்றைக்கு அவரிடம் சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்லாதீர்கள். “ஒப்பந்தத்தையும் ஆறு வருஷ ரசீதையும் அனுப்பு, படிச்சிட்டுச் சொல்றேன்” என்று மட்டும் சொல்லுங்கள்.