இங்கிலாந்தில் தனியார் பார்க்கிங் கட்டணத்துக்குக் கோர்ட் படிவம் வந்துவிட்டது, எப்படி எதிர்ப்பது?

வசூல் கம்பெனியின் மிரட்டல் கடிதம் வேறு, கவுன்டி கோர்ட் படிவம் வேறு. இதைக் கிடப்பில் போட்டால் உங்களைக் கேட்காமலே தீர்ப்பாகிவிடும். படிவத் தேதியோடு 5 நாள் கூட்டி, அதிலிருந்து 14 நாளுக்குள் 'கிடைத்தது' என்று பதிவு செய்யுங்கள். எதிர்வாதம் தர மொத்தம் 28 நாள் கிடைக்கும்.

"இது அபராதம், செல்லாது" என்பதை மட்டும் நம்பாதீர்கள். 2015-இல் பீவிஸ் என்பவரின் பார்க்கிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 85 பவுண்டு கட்டணத்தையே ஏற்றது. நான் முதலில் தேதியைத்தான் பார்ப்பேன். கண்ணாடியில் சீட்டு ஒட்டாமல் கேமராவை மட்டும் வைத்து, ஓட்டியவர் யாரென்றே தெரியாமல் வண்டி யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவரைப் பிடிக்கிறார்களா? 2012-இன் Protection of Freedoms Act சட்டப்படி, வண்டி நிறுத்திய மறுநாளிலிருந்து 14 நாளுக்குள் நோட்டீஸ் அவர் கையில் சேர்ந்திருக்க வேண்டும். அடுத்தது பார்க்கிங் விதிகளைச் சொல்லும் பலகை: இருட்டில் படிக்க முடிந்ததா? அதே நேரத்தில் போய்ப் படமெடுத்து வையுங்கள்.