லினியேஜ் பில்ட் ஸ்கிரிப்ட்: எதையெல்லாம் தூக்கலாம்?

என் பழைய போனுக்கு லினியேஜ் ஓஎஸ்ஸை (ஆண்ட்ராய்டை வைத்து உருவான திறந்த மூல இயங்குதளம்) நானே மூல நிரலிலிருந்து கம்பைல் செய்து போட்டுக்கொள்கிறேன். அந்த வேலைக்கான கட்டளைகளை வரிசையாக எழுதி வைத்த ஸ்கிரிப்ட் ஒரு காலத்தில் 140 வரி இருந்தது, இப்போது ஏழெட்டு வரிதான். அதைப் பார்த்துவிட்டு வந்த கேள்விகளுக்குப் பதில்கள்.

அண்ணா, டிவைஸ் ட்ரீ (அந்த போன் மாடலுக்கான அமைப்புக் கோப்புகள்), கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) என்று ஒவ்வொன்றையும் இறக்க ஒரு கிட் குளோன் வரி வைத்திருக்கிறேன். சுருக்க வழி உண்டா?

போன் லினியேஜின் அதிகாரப்பூர்வப் பட்டியலில் இருந்தால் அத்தனையையும் அழித்துவிடுங்கள். 'பிரேக்ஃபாஸ்ட்' என்று அடித்து போனின் கோட்நேமை (அந்த மாடலுக்கான உள்பெயர்) கொடுத்தால் போதும். டிவைஸ் ட்ரீயை இறக்கி, அதற்குள் இருக்கும் டிபெண்டன்சீஸ் கோப்பை (வேறு என்னென்ன தேவை என்ற பட்டியல்) படித்து, கர்னலையும் தானே கொண்டுவந்துவிடும். வெண்டார் ப்ளாப்களை (போன் தயாரிப்பாளரின் மூடிய நிரல் கோப்புகள்) மட்டும் நீங்கள்தான் எடுத்து வைக்க வேண்டும். அப்புறம் 'பிரஞ்ச்'. பிரேக்ஃபாஸ்ட்டும், போனில் போடும் ஜிப்பை உருவாக்கும் 'பேக்கன்' பில்டும் சேர்ந்ததுதான் அது. பெயர் வைத்தவருக்கு அன்று நல்ல பசி போல.

பில்ட் ஃபெயில் ஆனாலும் ஸ்கிரிப்ட் நிற்காமல் பழைய ஜிப்பை அப்லோட் செய்துவிடுகிறது. பிரஞ்சுக்குப் பின்னால் '&&' (முந்தையது ஜெயித்தால் மட்டும் அடுத்ததை ஓட்டு) போட்டுத்தான் வைத்திருக்கிறேன்.

லாகைச் சேமிக்க, பிரஞ்சுக்குப் பக்கத்தில் பைப் (ஒன்றின் வெளியீட்டை அடுத்ததற்கு அனுப்பும் '|' குறி) போட்டு, அதைக் கோப்பில் எழுதும் 'டீ' கட்டளையைச் சேர்த்திருக்கிறீர்களா? அங்கேதான் சிக்கல். பைப்பில் கடைசியாக இருக்கும் கட்டளை ஜெயித்ததா என்றுதான் ஷெல் (கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்) பார்க்கும். பிரஞ்ச் தோற்றாலும் டீ பெரும்பாலும் ஜெயித்துவிடும். ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் 'செட் -ஓ பைப்ஃபெயில்' என்று ஒரு வரி சேருங்கள், சரியாகிவிடும். இது தெரியாமல் ஒரே பழைய ஜிப்பை மூன்று முறை ஃபிளாஷ் செய்துவிட்டு, என் திருத்தம் ஏன் வரவில்லை என்று ராத்திரி முழுக்க முழித்தவன் நான்.

ஒவ்வொரு தடவையும் பில்டின் கோப்புகள் சேரும் 'அவுட்' ஃபோல்டரை அழித்துவிட்டுத்தான் தொடங்குகிறேன். நாலு மணி நேரம் ஆகிறது.

ஏன் அழிக்கிறீர்கள்? முந்தைய வேலை அத்தனையும் அதில்தான் இருக்கிறது. பழைய இமேஜ்கள் ஒட்டிக்கொள்ளும் என்று பயமாக இருந்தால் 'இன்ஸ்டால்கிளீன்' கட்டளை போதும்; இடைநிலைக் கோப்புகள் அப்படியே இருக்கும். சிகேஷையும் (ஏற்கெனவே கம்பைல் செய்ததைச் சேமித்து வைக்கும் கருவி) போட்டு 50 ஜிபி ஒதுக்குங்கள். அது சி, சி++ பகுதிக்குத்தான் உதவும், ஜாவாவுக்கு இல்லை.

பில்ட் கட்டளைகளைத் தயார் செய்யும் என்விசெட்டப்பைத் தனி ஸ்கிரிப்டாக்கி 'பாஷ்' கொடுத்து ஓட்டினேன். அப்புறம் பிரேக்ஃபாஸ்ட் என்றால் கமாண்ட் நாட் ஃபவுண்ட்.

பிரேக்ஃபாஸ்ட் தனி நிரல் இல்லை, ஷெல் ஃபங்ஷன். பாஷ் கொடுத்தால் வேறு ஷெல்லில் உருவாகி அங்கேயே மறைந்துவிடும். 'சோர்ஸ்' கொடுங்கள், இப்போதைய ஷெல்லிலேயே ஓடும்.

16 ஜிபி ராம். பாதியில் 'கில்டு' என்று நிற்கிறது.

பிரஞ்ச் எல்லா கோர்களையும் பிடித்துக்கொள்ளும். பிரேக்ஃபாஸ்ட் முடிந்ததும் 'எம் -ஜே4 பேக்கன்' என்று கொடுங்கள், ஸ்வாப்பையும் (ராம் போதாதபோது டிஸ்க்கில் பயன்படும் இடம்) கூட்டுங்கள். மெதுவாகத்தான் போகும்.