செய்த வேலைக்குக் காசு கேட்பது வம்பு இல்லை, தங்கச்சி

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். நியூயார்க் நகரத்தின் குவீன்ஸ் பகுதிக்கு வந்து எட்டு மாதம், கிரீன் கார்டு கையில் இருக்கிறது. நம் ஊர்க்காரர் ஒருவருடைய கேட்டரிங் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே மெனு கார்டும் விளம்பரப் படமும் டிசைன் செய்து கொடுத்திருக்கிறீர்கள். இரண்டு மாதத்தில் ஏழு வேலை, ஒவ்வொன்றுக்கும் 200 டாலர், மொத்தம் 1,400. கடைசி வேலை முடிந்து ஐம்பது நாளாகியும் காசு வரவில்லை. இப்போது "700 வாங்கிக்கோ, கணக்கை முடிச்சுக்கலாம்" என்கிறார். எழுத்தில் ஒப்பந்தம் எதுவும் போடவில்லை. புகார் கொடுத்தால் கிரீன் கார்டுக்கு ஏதாவது வருமா, அதுவும் நம்மவர் மேலேயே புகார் கொடுப்பதா என்று கேட்கிறீர்கள்.

முதல் பயத்துக்கு முதலில் பதில். கிரீன் கார்டுக்கு ஒன்றும் வராது. செய்த வேலைக்குக் காசு கேட்டதற்காக இந்த நாட்டில் யாருடைய குடியுரிமைக் கனவும் கெட்டுப்போவதில்லை. அந்த 700 டாலருக்கு இன்னும் தலையாட்டாதீர்கள். "கணக்கு தீர்ந்தது" என்று வாட்ஸாப்பில்கூட எழுதிவிடாதீர்கள். வேலை தொடங்கிய பிறகு, "குறைத்து வாங்கிக்கொண்டால்தான் நேரத்துக்குக் காசு" என்று பேரம் பேசுவதையே நியூயார்க் நகரச் சட்டம் தடுக்கிறது.

அந்தச் சட்டத்தின் பெயர் ஃப்ரீலான்ஸ் இஸ்ன்ட் ஃப்ரீ ஆக்ட். ஃப்ரீலான்ஸ் என்றால் எந்தக் கம்பெனியிலும் சம்பளத்துக்குச் சேராமல், உங்களைப் போலத் தனியாக வேலை எடுத்துச் செய்வது. அது சும்மா உழைப்பதில்லை என்று சட்டத்தின் பெயருக்குப் பொருள் வைத்துக்கொள்ளுங்கள். கொண்டுவந்தவர் பிராட் லேண்டர், அப்போது புரூக்ளினின் 39ஆம் வட்டாரத்து நகர மன்ற உறுப்பினர். நம் ஊரில் கவுன்சிலர் என்றால் தெருவிளக்கு, சாக்கடை, குடிதண்ணீர் லாரி. சட்டம் போடுவது சென்னையிலோ டெல்லியிலோ நடக்கிற காரியம். நானும் அந்த எண்ணத்தோடுதான் இங்கே பத்து வருஷம் ஓட்டினேன். இங்கே நகர மன்றத்தின் 51 உறுப்பினர்களும் தொழிலாளர் சட்டம், நுகர்வோர் சட்டம் எல்லாம் இயற்றுகிறார்கள். உங்கள் காசு கைக்கு வருமா வராதா என்பதை முடிவு செய்கிற பல வரிகள் அந்த மன்றத்தில் எழுதப்பட்டவை.

லேண்டர் இந்த மசோதாவை 2015 கடைசியில் கொண்டுவந்தார். ஃப்ரீலான்சர்ஸ் யூனியன்காரர்கள் காசு வராத கதைகளைத் தூக்கிக்கொண்டு மன்றத்துக்கு வந்தார்கள். 2016 அக்டோபரில் ஓர் எதிர்ப்பு ஓட்டுகூட இல்லாமல் நிறைவேறியது. அடுத்த மாதம் மேயர் டி பிளாசியோ கையெழுத்துப் போட்டார். 2017 மே 15 முதல் நடைமுறையில் இருக்கிறது. அமெரிக்காவில் இப்படி ஒரு சட்டம் வந்தது அதுதான் முதல் தடவை.

இனி உங்கள் கணக்குக்கு வருகிறேன். ஒவ்வொரு வேலையும் 200 டாலர்தான் என்பதால் இது சில்லறை விவகாரம் என்று நினைக்க வேண்டாம். ஒரே ஆளுக்கு 120 நாளுக்குள் செய்த வேலைகளைக் கூட்டி 800 டாலர் வந்தால், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாக வேண்டும். போடவேண்டியது வேலை கொடுத்தவரின் கடமை. உங்களுடையது 1,400. ஒப்பந்தம் இல்லாததால் உங்கள் உரிமை போய்விடாது. காசு கொடுக்கும் தேதி பேசப்படாவிட்டால், வேலை முடிந்து 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்று சட்டமே தேதி குறிக்கிறது. அவர் அதைத் தாண்டி இருபது நாளாகிவிட்டது. கோர்ட்டில் நீங்கள் ஜெயித்தால் 1,400 மட்டும் இல்லை, இன்னொரு மடங்கும் சேரும். வக்கீல் கட்டணமும் அவர் தலையில்தான். இந்தக் கடைசி விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது. ஆயிரம் டாலர் வழக்கை எந்த வக்கீல் தொடுவார்? தோற்றவர் கட்டணம் கொடுப்பார் என்றால் தொடுவார். சட்டத்தை எழுதியவர்களுக்கு ஏழையின் வழக்கு எங்கே நின்றுபோகும் என்று தெரிந்திருக்கிறது.

ஒரு இடத்தில் மட்டும் உங்களுக்குச் சறுக்கல். ஒப்பந்தம் தராததற்குத் தனியாக 250 டாலர் கேட்கலாம். ஆனால் வேலை தொடங்குமுன் நீங்கள் எழுத்தில் ஒப்பந்தம் கேட்டீர்கள் என்று நிரூபிக்க வேண்டும். கேட்டிருக்க மாட்டீர்கள். நம்மவரிடம் எப்படிக் கேட்பது என்று கூச்சமாக இருந்திருக்கும். அடுத்த முறை கேளுங்கள், யாராக இருந்தாலும். இரண்டு பேர் பெயரும் முகவரியும், என்னென்ன வேலை, எவ்வளவு காசு, எந்தத் தேதியில் என்று நாலு வரி மெயில் போட்டு, அவரிடம் சம்மதம் வாங்கிக்கொண்டால் உங்கள் கையில் ஒரு பிடி இருக்கும்.

எனக்கு அந்தப் பிடி இல்லாத காலம் ஒன்று இருந்தது. 2011இல் ஒரு மொழிபெயர்ப்புக் கம்பெனிக்கு மருத்துவத் துண்டறிக்கைகளைத் தமிழில் மாற்றிக் கொடுத்தேன். 1,150 டாலர். நோட்டுப் புத்தகத்தில் தேதி போட்டு, "அனுப்பியாச்சு" என்று பக்கத்தில் டிக் அடித்து வைத்திருந்தேன். மூன்று மாதம் கழித்து, பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு நாள், கைக்குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு 7ஆம் நம்பர் ரயிலில் மன்ஹாட்டன் போனேன். வரவேற்பில் இருந்த பெண் பூட்ஸிலிருந்து வழிந்த தண்ணீரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், "மெயில் போடுங்கள்" என்றாள். அந்தக் காசு இன்றுவரை வரவில்லை. அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

சட்டம் வந்தபின் 2018இல் வேறொருவர் இதே மாதிரி இழுத்தடித்தார். சட்டத்தின் பெயரையும் 30 நாள் கணக்கையும் எழுதி ஒரே ஒரு மெயில் போட்டேன். ஒன்பதாம் நாள் செக் வந்தது. நான் சாமர்த்தியசாலி ஆகிவிடவில்லை. மெயிலுக்குப் பின்னால் நகரம் நிற்கிறது என்று அவருக்கும் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

நீங்களும் முதலில் மெயில் போடுங்கள். பதில் இல்லையென்றால் நகர அரசின் உதவி எண்ணான 311க்கு போன் செய்து, நுகர்வோர், தொழிலாளர் பாதுகாப்புத் துறையில் ஃப்ரீலான்ஸ் புகார் என்று சொல்லுங்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றும் கேட்கலாம். குடியேற்ற நிலை எதுவானாலும் இந்தச் சட்டம் பாதுகாக்கும். (வேலை செய்ய அனுமதி இல்லாத விசாவில் இருக்கும் தோழிகள் இதைப் படித்தால், குடியேற்ற வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள். உங்கள் சிக்கல் வேறு.) அந்தத் துறை கம்பெனிக்குக் கடிதம் அனுப்பும். பதில் சொல்ல அவருக்கு இருபது நாள். துறையால் அவரைப் பிடித்துக் காசு கொடுக்க வைக்க முடியாது, இது இந்தச் சட்டத்தின் பெரிய குறை, எனக்கு இன்றும் வருத்தம்தான். ஆனால் அவர் பதிலே சொல்லாமல் இருந்துவிட்டால், கோர்ட்டில் அது அவருக்கு எதிராகவே நிற்கும். நீங்கள் சொல்வதுதான் உண்மை என்று எடுத்துக்கொண்டு, இல்லை என்று காட்டும் பாரத்தை அவர் மேல் வைப்பார்கள்.

கோர்ட் என்றதும் மலைக்க வேண்டாம். சின்னத் தொகை வழக்குகளுக்கான ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்டில் 10,000 டாலர் வரை வக்கீல் இல்லாமல் கேட்கலாம். உங்கள் தொகைக்குக் கட்டணம் 20 டாலர். குவீன்ஸுக்கு ஜமைக்காவில் சட்ஃபின் புலவார்டில் இருக்கிறது. தையல் வேலை செய்யும் ஒரு பக்கத்து வீட்டு அம்மாவுக்குத் துணையாகப் போயிருக்கிறேன். மாலை ஆறரைக்குத்தான் கூப்பிடுகிறார்கள். பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் மடியில் காகிதக் கவரை வைத்திருந்தார்கள். எதிர்த்தரப்பு வரவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் வாட்ஸாப் செய்திகளின் பிரிண்டை ஒவ்வொன்றாகப் புரட்டி, "இந்த ரவிக்கைகளுக்கு எவ்வளவு பேசினீர்கள்?" என்று கேட்டார். அந்த அம்மாவுக்குக் குரல் நடுங்கியது, ஆனால் கணக்குத் தப்பவில்லை. தீர்ப்பு தபாலில் வந்தது. காசு வசூலாக இன்னும் நாலு மாதம் அலைந்தோம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கேட்டரிங்காரர் லாங் ஐலண்டில் இருக்கிறார், நகர எல்லைக்கு வெளியே என்று யாராவது சொன்னால் அதிலும் பயப்பட ஒன்றுமில்லை. 2024 ஆகஸ்ட் 28 முதல் இதே போன்ற சட்டம் நியூயார்க் மாநிலம் முழுவதற்கும் வந்துவிட்டது.

வேலை விண்ணப்பத்தில் கிரெடிட் ரிப்போர்ட், அதாவது உங்கள் கடன் வரலாறு, பார்க்கச் சம்மதம் கேட்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அதற்கும் லேண்டர் கொண்டுவந்த 2015ஆம் வருஷத்துச் சட்டம் இருக்கிறது. போலீஸ் வேலை, பெரிய தொகையைக் கையாளும் பொறுப்பு போன்ற சில விலக்குகள் தவிர, வேலைக்கு எடுக்கும்போது கிரெடிட்டைப் பார்க்கக் கூடாது. இந்த ஊருக்குப் புதிதாக வந்தவளுக்குக் கிரெடிட்டே இருக்காது. கடன் வாங்காமல் வளர்ந்ததற்காக வேலை போவது எவ்வளவு பெரிய அநியாயம்! ஆனால் வீடு வாடகைக்குக் கொடுப்பவர் பார்க்கலாம், அதற்குத் தடை இல்லை.

டாக்சி ஆப் ஓட்டுநர்களுக்குக் குறைந்தபட்ச வருமானம், டெலிவரி பையன்களுக்கு மணிக் கூலி, பெரிய ஃபாஸ்ட் ஃபுட் கடைகளில் காரணம் இல்லாமல் வேலையைவிட்டு நீக்கத் தடை என்று லேண்டர் பெயரில் இன்னும் பல சட்டங்கள் உண்டு. டெலிவரிக் கூலி 2021 சட்டத்தால் வந்தது. கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போனதால் 2023 கடைசியில்தான் அமலானது, தொடக்கத்தில் மணிக்கு 17.96 டாலர். மழையில் பிளாஸ்டிக் உறையை முழங்காலில் சுற்றிக்கொண்டு சைக்கிள் மிதிக்கிறவர்களைப் பார்க்கும்போது அந்த எண் எனக்கு ஞாபகம் வரும்.

அப்புறம், "நம்மவர் மேலேயே புகாரா" என்ற கேள்வி. கோயிலில் அவர் முகத்தை எப்படிப் பார்ப்பது என்றுதான் உங்களுக்குக் கவலை. தங்கச்சி, பாதிக் காசு தருகிறேன் என்று சொல்லும்போது அவருக்கு உங்கள் முகம் ஞாபகம் வந்திருக்க வேண்டும். ஊர்ப் பாசத்தை விலை பேசியது அவர்தான். ஒப்பந்தம் கேட்டால் கோபித்துக்கொள்ளாத நம்மவர்களும் இங்கே இருக்கிறார்கள், அவர்களோடு வேலை செய்யுங்கள்.

மெயிலை எழுதி முடித்ததும் எனக்கு ஒரு முறை காட்டுங்கள். சட்ஃபினுக்குப் போகும்படி ஆனால் நான் துணைக்கு வருகிறேன். அதற்குமுன் வாட்ஸாப் உரையாடல் முழுவதையும், அந்த 700 டாலர் செய்தியோடு சேர்த்து, லைப்ரரியில் பிரிண்ட் எடுத்து வையுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் தேதி தெரிய வேண்டும்.